பிக்கப் கேபினுக்குள் தண்ணீர்: இடது காலடியில் மட்டும் தேங்குகிறது, வழி தெரியவில்லை

கோத்தகிரி லோடு:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஒற்றைக் கேபின் டீசல் பிக்கப், 2014 மாடல். கோத்தகிரியில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவது வேலை. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ஒரே தொல்லை. காலையில் கதவைத் திறந்தால் கிளீனர் பையன் உட்காரும் பக்கம் காலடியில் தண்ணீர் நிற்கிறது. ஈரம் என்று சொல்ல முடியாது, டப்பாவால் மொண்டு வெளியே ஊற்றுகிற அளவு. டிரைவர் பக்கம் துளி ஈரம் கிடையாது.

விசித்திரம் என்னவென்றால், மண்டியில் கொட்டுகிற மழையில் மணிக்கணக்கில் நிறுத்தியிருந்தாலும் உள்ளே காய்ந்தே இருக்கிறது. வீட்டில் ராத்திரி நிறுத்தினால்தான் இந்தக் கூத்து. ஓட்டும்போது ஒழுகுவதாகவும் தெரியவில்லை.

முதலில் ஒரு பட்டறையில் காட்டினேன். "கண்ணாடி ஓரம்தான் தம்பி" என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லி, முன் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கானை இழுத்துவிட்டார்கள். பணம் போயிற்று, தண்ணீர் போகவில்லை. இன்னொருவர் கதவு ரப்பரை மாற்றச் சொல்கிறார். அதுவும் வீணாகிவிடுமோ என்று யோசனையாக இருக்கிறது.

வண்டியில் நான் செய்த கூடுதல் வேலை என்று பார்த்தால், போன வருஷம் இரண்டு கதவிலும் ஸ்பீக்கர் வைத்தேன். கேபின் மேலே இரும்புக் கேரியர் உண்டு, அதில் தார்ப்பாய், கயிறு, சில நாள் காலிக் கூடைகள். சீட்டுக்கு அடியில் இப்போது பூஞ்சை வாடை. கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து, பனி இறங்கும் நேரத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் தலையை வெளியே நீட்டித்தான் ஓட்டுகிறேன். ஹீட்டர் ஃபேனைப் போட்டால் வேறு உள்ளே ஏதோ சரசரக்கிறது. அது தனிப் பிரச்சினையாக இருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

யாருக்காவது இப்படி வந்திருந்தால் எங்கே தேடுவது என்று சொல்லுங்கள்.

செல்வா திருப்பூர்:

ப்ரோ, இது ஏசி தண்ணீர். என் காரிலும் இடது காலடியில்தான் வந்தது. ஏசி பெட்டிக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணோ குளவிக்கூடோ அடைத்தால் தண்ணீர் உள்பக்கம் திரும்பிவிடும். கம்பி விட்டுக் குத்தினால் கொடகொடவென்று இறங்கும். செலவே இல்லை.

கோத்தகிரி லோடு:

நன்றி ப்ரோ. ஆனால் கோத்தகிரியில் இந்தக் குளிரில் ஏசி போட்டால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். என் வண்டியில் ஏசியே கிடையாது, ஹீட்டர் மட்டும்தான்.

பழைய கண்ணாடிக்காரர்:

தம்பி, நான் காரமடைப் பக்கம் வண்டிக் கண்ணாடி மாற்றும் தொழிலில் ரொம்ப வருஷம் இருந்தவன். ஒழுகலுக்கு என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் கண்ணாடிக்குச் சம்பந்தமே இருக்காது. ஆனாலும் எல்லோரும் முதலில் கண்ணாடியைத்தான் பிடிப்பார்கள், கண்ணுக்குத் தெரிவது அதுதானே.

சிலிக்கான் பூசினார்கள் என்கிறீர்கள். பூசும்போது வினிகர் மாதிரி புளிப்பு வாடை அடித்ததா? அடித்திருந்தால் முதல் வேலையாக அதைச் சுரண்டி எடுங்கள். அந்த ரகம் காயும்போது அமிலம் விடும், பெயின்ட் போன இடத்தில் தகடு துருப்பிடிக்கும். இன்னொரு தொந்தரவும் உண்டு. நாளைக்கு நிஜமாகவே கண்ணாடி மாற்ற வேண்டி வந்தால், சிலிக்கான் பட்ட இடத்தில் யூரித்தேன் பசை ஒட்டாது. எவ்வளவு துடைத்தாலும் ஒரு எண்ணெய்ப் படலம் நின்றுவிடும். பிறகு மாட்டிய கண்ணாடிதான் உண்மையில் ஒழுகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் நிற்கும் இடத்தைப் பார்த்து, நுழையும் இடத்தை முடிவு பண்ணக் கூடாது. கூரையில் நுழைந்த தண்ணீர், கூரையைத் தாங்கும் தகரத் தூணுக்குள் இறங்கி, வயரைப் பிடித்துக்கொண்டு போய் எங்கேயோ சொட்டும். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கம் போய்ச் சேரும். அதனால் இதற்குப் பதில் சொல்லுங்கள்: வீட்டில் வண்டி எப்படி நிற்கிறது? மூக்கு பள்ளம் பார்த்தா, மேடு பார்த்தா? மேலே மரம் உண்டா?

அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் விரலில் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு, இனிப்பு வாடை, பச்சையோ சிவப்போ நிறம் இருந்தால் அது மழை இல்லை, ஹீட்டர் ரேடியேட்டர் கசிகிறது. உங்கள் கண்ணாடியில் ஆவி படிகிறது என்பதால் கேட்கிறேன். அது கூலன்ட்டாக, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் நீராக, இருந்தால் துணியால் துடைத்தாலும் எண்ணெய் மாதிரி இழுபடும். வெறும் தண்ணீரென்றால் அடுத்தது பார்க்கலாம்.

மழை இல்லாமல், ரோட்டில் மட்டும் தண்ணீர் கிடக்கும் நாளில் ஓட்டினால் நனைகிறதா? நனைந்தால் அடித்தகட்டைப் பாருங்கள். தரையில் வட்ட வட்டமாக ரப்பர் மூடிகள் இருக்கும். ஒன்று விழுந்திருந்தால் டயர் அடிக்கும் தண்ணீர் நேரே மேலே வரும். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது அது இல்லை என்று தோன்றுகிறது.

ஸ்பீக்கர் விஷயம் முக்கியம். கண்ணாடி இறங்கும் பிளவு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போவது சகஜம். அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக அது வெளியே போய்விடும். அது கேபின் பக்கம் வராமல் தடுப்பது உள்ளே ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் அதைக் கிழித்து எறிந்துவிட்டு, "சும்மா தாள்தான் சார்" என்பார்கள். சும்மா தாள் இல்லை அது. ஸ்பீக்கருக்குக் கீழே கதவு அட்டை உப்பியிருக்கிறதா, தட்டினால் ஈரமா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஹீட்டர் ஃபேனில் சரசரப்பு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பிறகு பார்க்காதீர்கள். அதை முதலில் பாருங்கள்.

கோத்தகிரி லோடு:

ஐயா, வரிசையாகச் சொல்கிறேன். புளிப்பு வாடை அடித்தது, நன்றாகவே அடித்தது. தண்ணீர் வெறும் தண்ணீர்தான், வாடை இல்லை. கதவு அட்டை காய்ந்திருக்கிறது. ஸ்பீக்கர் வைத்த பையன் தாளைக் கிழிக்காமல் வெட்டித் திரும்ப ஒட்டியிருக்கிறான், அவனுக்கு ஒரு கும்பிடு. ரோட்டுத் தண்ணீரில் ஓட்டினால் ஒன்றும் ஆவதில்லை.

வீடு ரோட்டுக்குக் கீழே. அதனால் வண்டி மூக்கு பள்ளம் பார்த்துத்தான் நிற்கும். மேலே பெரிய சில்வர் ஓக் மரம், பக்கத்து எஸ்டேட்டுக்காரர்களுடையது. அந்த இலைதான் எப்போதும் பானெட் மேல் கிடக்கும்.

பழைய கண்ணாடிக்காரர்:

சில்வர் ஓக்கா! அப்படியென்றால் பானெட்டைத் திறங்கள் தம்பி. வைப்பருக்கு அடியில் ஜல்லடை போட்ட பிளாஸ்டிக் மூடி இருக்கும், வைப்பர் கைகளைக் கழற்றினால் அது வந்துவிடும். அதன் கீழே குறுக்கே ஒரு தகரத் தொட்டி. முன் கண்ணாடியில் விழும் மழை முழுவதும் அதில் இறங்கி, இரண்டு ஓரத்திலும் உள்ள ஓட்டைகள் வழியாக மட்கார்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். ஃபேனுக்கு வெளிக்காற்று போகும் வாயும் அதே தொட்டியில்தான், உங்கள் மாதிரி வண்டிகளில் இடது பக்கம். வாயைச் சுற்றிக் கரை கட்டியிருப்பார்கள். ஓட்டை அடைத்தால் தொட்டி நிறையும், கரை தாண்டியதும் தண்ணீர் ஃபேன் பெட்டிக்குள் இறங்கி, கிளீனர் பையனின் செருப்பில் விழும்.

சில்வர் ஓக் இலை கிழித்த நார் மாதிரி இருக்கும், ஜல்லடைக்குள் நுழைந்துவிடும். நனைந்து மக்கினால் களிமண் கணக்காக ஓட்டையில் உட்காரும். ஃபேனில் சரசரப்பதும் அந்த இலைதான் என்று நினைக்கிறேன். மண்டியில் மரமும் இல்லை, சாய்வும் இல்லை. அங்கே தொட்டி மெதுவாக வடிந்துகொண்டிருக்கும், கரை தாண்டாது.

கையால் அள்ளி எடுங்கள். ஓஸ் பைப்பை வைத்து இலையை உள்ளே தள்ளாதீர்கள், ஓட்டையின் அடிப்பக்கம் போய் இறுகிக்கொள்ளும். முதலில் பேட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

ஹூஸ்டன் கதிர்:

சுவாரசியமான பேச்சு. இங்கே டெக்சாஸில் பிக்கப் என்றால் நான்கு கதவு, பின் சீட்டு எல்லாம் சேர்ந்த பெரிய வண்டி. ஒழுகும் இடமும் வேறு. அமெரிக்காவில் 1994 மாடலிலிருந்து பிக்கப்புகளுக்கும் நடுவில் மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயம். பெரும்பாலான வண்டிகளில் அதைக் கேபின் கூரையின் பின்விளிம்பில் பதித்திருப்பார்கள். அதைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் வெயிலில் இறுகிவிட்டால் தண்ணீர் பின்சுவருக்குள் இறங்கி, பின் சீட்டுக்கு அடியில் தேங்கும். என் வண்டியில் அதுதான் நடந்தது. இரண்டு திருகைக் கழற்றி, விளக்கை எடுத்து, பழைய ஸ்பாஞ்சைச் சுத்தமாக நீக்கி, பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் நாடா) வைத்துத் திரும்ப மாட்டினேன், தீர்ந்தது. நடுவில் நகரும் பின்கண்ணாடி உள்ள வண்டிகளில் அதன் அடித்தண்டவாளத்தில் இருக்கும் சின்ன வடிகால் துளைகளும் தூசியில் அடைபடும். கூரையில் திறக்கும் கண்ணாடி இருந்தால் அதன் நான்கு மூலையிலிருந்தும் தூண் வழியாக இறங்கும் குழாய்களைப் பார்க்க வேண்டும்.

கோத்தகிரி நண்பருக்கு இவை பொருந்தாது. ஆனால் தலைப்பைப் பார்த்துத் தேடி வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதினேன்.

கோத்தகிரி லோடு:

ஐயா, தொட்டியைத் திறந்தேன். உள்ளே தோட்டமே இருந்தது! மக்கிய இலை, அதில் ஒரு செடி முளைத்து வேர் விட்டிருக்கிறது. இடது ஓட்டை முழுக்க அடைப்பு, வலது பாதி. ஃபேனுக்குள்ளிருந்தும் ஒரு கைப்பிடி இலை வந்தது. சரசரப்பு நின்றுவிட்டது.

அன்று ராத்திரி நல்ல மழை. காலையில் பார்த்தால் தேங்கல் இல்லை. ஆனால் காலடியில் வைத்த பேப்பர் ஒரு மூலையில் நனைந்திருந்தது. கதவுக்கு முன்னால் உள்ள பக்கவாட்டு பிளாஸ்டிக் அட்டையைக் கழற்றிக் கையை விட்டால், தூண் ஓரம் ஈரம். அப்படியென்றால் கண்ணாடியும் ஒழுகுகிறது என்று அர்த்தமா?

பழைய கண்ணாடிக்காரர்:

அர்த்தம் இல்லை, இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றுதான் அர்த்தம். பழைய வண்டியில் ஒழுகல் ஒன்றாக வருவது அபூர்வம். பெரியது நின்றால்தான் சின்னது கண்ணில் படும்.

இப்போது ஓஸ் பைப் சோதனை. உள்ளே முழுக்கத் துடைத்துக் காய வைத்துவிட்டு, தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, வெறும் தகட்டில் முகப் பவுடரைத் தூவுங்கள். கிளீனர் பையன் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், கதவு கண்ணாடி எல்லாம் மூடியிருக்கட்டும். நீங்கள் வெளியே நின்று தண்ணீர் விடுங்கள். பீய்ச்சி அடிக்கக் கூடாது, வேகமாக அடித்தால் நல்ல ரப்பரே ஒழுகும். பைப்பின் வாயைத் திறந்துவிட்டு மழை வழிகிற மாதிரி சும்மா ஓட விடுங்கள்.

கீழிருந்து மேலே போக வேண்டும். எல்லோரும் தப்பாகச் செய்வது இங்கேதான். கூரையில் முதலில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது ஒழுகியது என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் தொட்டி, பிறகு கண்ணாடியின் கீழ் ஓரம், பக்க ஓரம், மேல் ஓரம், அப்புறம் கதவுக்கு மேலே கூரை விளிம்பு, கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள், தூணுக்குள் இறங்கி வரத் தண்ணீருக்கு நேரம் வேண்டும். வண்டியை வீட்டில் நிறுத்துகிற மாதிரியே மூக்கு பள்ளம் பார்த்து நிறுத்துங்கள், சமதளத்தில் சோதித்துப் பயனில்லை. பவுடரில் கோடு விழுந்தவுடன் பையன் கத்தட்டும், தண்ணீரை நிறுத்திவிட்டுக் கோட்டைப் பிடித்து மேலே போங்கள்.

கேரியரை எதில் பிடித்திருக்கிறீர்கள்? கூரை விளிம்பில் ஓடும் மழைநீர்க் காலில் (சின்ன வாய்க்கால் மாதிரி இருக்குமே, அதில்) கவ்வியா, துளை போட்டா?

கோத்தகிரி லோடு:

கவ்விதான், துளை இல்லை. நீங்கள் கேட்டவுடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது ஐயா.

சோதித்துப் பார்த்தாயிற்று. கண்ணாடியின் நான்கு பக்கமும் ஒன்றும் இல்லை. அந்தச் சிலிக்கானுக்குக் கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது. இடது கதவுக்கு மேலே, கேரியரின் முன் கவ்வி இருக்கும் இடத்தில் தண்ணீர் ஓட விட்ட கொஞ்ச நேரத்தில் பையன் "அண்ணா, கோடு! கோடு!" என்று கத்தினான். தூணின் மேல் மூலையிலிருந்து இறங்குகிறது. ஆனால் வெளியே எவ்வளவு பார்த்தும் ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே அடைப்பது?

பழைய கண்ணாடிக்காரர்:

கேரியரை இறக்குங்கள். அதற்குப் பிறகு சோப்பு. ஹீட்டர் ஃபேனை முழு வேகத்தில், வெளிக்காற்று இழுக்கும் நிலையில் வையுங்கள். உள்காற்றே சுற்றும் நிலையில் வைத்தால் இது வேலை செய்யாது. கதவு, கண்ணாடி எல்லாம் மூடினால் கேபினுக்குள் காற்று அழுத்தம் கொஞ்சம் ஏறும். சில வண்டிகளில் பின்சுவரில் காற்று வெளியேற ரப்பர் மடல் வைத்த ஜன்னல் இருக்கும், இருந்தால் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். இப்போது பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரை அந்த மழைநீர்க் காலில் தடவுங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் நுரை பூக்கும். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற வேலைதான்.

கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இடம் அந்தக் கால்தான். இரண்டையும் புள்ளிப் புள்ளியாக வெல்டிங் வைத்து, இடுக்கை சீலன்ட்டால் மூடியிருப்பார்கள். சுமையோடு கேரியர் ஆட ஆட அந்தப் பூச்சு முடி போல் விரியும், மேலே பெயின்ட் இருப்பதால் பார்த்தால் தெரியாது.

நுரை பூத்த இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் அதிகமாகவே பழைய பூச்சைச் சுரண்டுங்கள். துருவை எமரித் தாளில் தேய்த்து எடுத்து, பிரைமர் அடித்து, காய்ந்த பின் பாலியூரித்தேன் சீம் சீலன்ட் இழுத்து, மேலே பெயின்ட். டிங்கர் கடையில் சொன்னால் புரியும். ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். இல்லையென்றால் பள்ளம் நிரப்பும் பட்டியை அப்பி, தேய்த்து, அழகாகப் பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள், முதல் கொண்டை ஊசி வளைவிலேயே விரிந்துவிடும். ஈரத் தகட்டில் எதையும் பூச விடாதீர்கள். கோத்தகிரியில் இப்போது காய வைப்பது கஷ்டம், மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கிவிட்டு அங்கேயே ஒரு பட்டறையில் செய்துகொள்ளுங்கள்.

கோத்தகிரி லோடு:

கீழேதான் செய்தேன் ஐயா. கவ்வியின் அடியில் விரல் நீளத்துக்கு நுரை பூத்தது, டிங்கரே எட்டிப் பார்த்து, "இதை யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். பூசி முடித்து, அதன் பிறகு இரண்டு பெருமழை பார்த்தாயிற்று. பேப்பர் காய்ந்தே இருக்கிறது.

இரண்டு சந்தேகம் பாக்கி. காலடி விரிப்புக்குக் கீழே கம்பளி மாதிரி ஒரு திண்டு இருந்தது, பிழிந்தால் இன்னும் தண்ணீர் வருகிறது. அதைத் திரும்பப் போடலாமா? பக்கவாட்டு அட்டைக்குப் பின்னால் இருந்த வயர் சாக்கெட் ஒன்றில் பச்சை பூத்திருக்கிறது, ஆனால் எல்லாம் வேலை செய்கிறது.

பழைய கண்ணாடிக்காரர்:

திண்டை இப்போது போடாதீர்கள். மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், நடுவில் ஈரம் நிற்கும், தரைத்தகடு உள்ளிருந்தே அரித்துப் போகும். லோடு இறக்கும் நாட்களில் மேட்டுப்பாளையம் வெயிலில் காயப் போடுங்கள். பூஞ்சை வாடை போகவில்லையென்றால் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள், பெரிய விலை இல்லை. அதுவரை வெறும் ரப்பர் விரிப்பு போதும், மார்கழி வரைக்கும் தரையைத் தினமும் பார்க்கவும் வசதி. தகட்டில் துரு தெரிந்தால் இப்போதே தேய்த்து பிரைமர் அடித்துவிடுங்கள்.

சாக்கெட்டைச் சும்மா விடாதீர்கள். வேலை செய்கிறது என்பது இன்றைக்கு. பேட்டரி நெகடிவைக் கழற்றி, சாக்கெட்டைப் பிரித்து, எலெக்ட்ரிக் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஊசி ஏதாவது அரித்து மெலிந்திருந்தால் எலெக்ட்ரீஷியனிடம் காட்டி மாற்றிவிடுங்கள்.

கேரியரைத் திரும்ப மாட்டும்போது கவ்விக்கு அடியில் பழைய டியூப் ரப்பர் துண்டு வையுங்கள், காலிக் கூடைகளைப் பின்னால் லோடு ஏற்றும் தொட்டியில் போடுங்கள். அந்த வைப்பர் மூடியை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள், எஸ்டேட்காரர் மரத்தை வெட்டப் போவதில்லை.